இறங்கும்போதும் அடிக்க வேண்டும்

ஹவ்வா உம்மாவுக்கு ஐம்பத்தேழு வயது. காத்தான்குடியில் என் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி, பச்சைக் கேற் போட்ட வீட்டில் இருந்தார். ‘இருந்தார்’ என்று எழுதியதைப் பார்த்து யாரும் பதற வேண்டாம். ஆள் சுகமாகத்தான் இருக்கிறார். வீடுதான் கையை விட்டுப் போனது. போன விதத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. தைக்க உட்கார்ந்தால் மெசின் ஒரு பக்கம் ஓடுகிறது, என் மனம் ஒரு பக்கம் ஓடுகிறது. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

எனக்கு அவர் அக்கா மாதிரி, ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய கணவர் மஜீட் நானா சைக்கிளில் புடவை விற்றவர். மகள் ஸஹ்ராவுக்கு ஏழு வயதாக இருக்கும்போது நெஞ்சுவலி வந்து மௌத்தாகிவிட்டார். எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளை பிறந்தால் வீடு கட்ட வேண்டும். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார், வீடு பெண்ணின் பெயரில் இருக்கும். வீடில்லாத பெண்ணைக் கேட்டு யாரும் வாசல் மிதிக்க மாட்டார்கள். ராத்தா பிள்ளையை ஓட்டமாவடியில் தங்கை அம்னாவிடம் விட்டுவிட்டு றியாத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். பதினாலு வருஷம். இடையில் இரண்டே தரம் வந்து போனார்.

அந்தப் பதினாலு வருஷமும் அவர் ஒரு பஸ்ஸில் காலை வைக்கவில்லை. தனியாக வீதியில் நடக்கவும் இல்லை. வேலை பார்த்த வீட்டுக்காரர்கள் வெளியே கூட்டிப் போனால் கறுப்புக் கண்ணாடி போட்ட கார், பின் சீட், மடியில் அவர்களுடைய இரண்டு பிள்ளைகள்.

“நான் பாத்த றியாத் எவ்வளவு தெரியுமா, நிஸ்றா?” என்று ஒருநாள் கேட்டார். “குசினி யன்னலுக்கு அங்கால எதிர்வீட்டு மதில். அதுல நாலு ஏசி மெசின். அவ்வளவுதான் புள்ள.”

அந்த நாலு ஏசி மெசினைப் பார்த்துப் பார்த்தே ராத்தா இங்கே ஒரு கல்வீட்டை எழுப்பிவிட்டார். முன்னால் பெரிய ஹோல், மூன்று அறை, பின்னால் தனக்கென்று ஒரு சின்ன அறை. திரும்பி வந்த மறு வருஷம் ஸஹ்ராவுக்கும் றிப்ஷானுக்கும் கல்யாணம். சீதன உறுதிப் பத்திரம் எழுத நொத்தாரிசிடம் போனபோது சாட்சிக் கையெழுத்துப் போட நானும் போனேன். அந்த மனிதர் நல்லவர். எழுதுவதற்கு முன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

“உம்மா, சீவிய உரித்து வெச்சு எழுதவா? நீங்க ஹயாத்தோட இரிக்கிற வரைக்கும் உங்கள ஒத்தரும் அந்த வீட்ட விட்டு எழுப்ப ஏலா.”

ராத்தாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “என்ட புள்ளக்கிட்டயா நான் எழுதி வாங்குற? மாப்புளக்கு முன்னால அப்பிடிக் கேக்காதீங்க. வெக்கமா இரிக்கி.”

ஸஹ்ரா உடனே தாயின் கையைப் பிடித்தாள். “பின் அறை எப்பயும் உம்மாக்குத்தான். மௌத்து வரைக்கும். இது நான் சொல்ற சொல்லு,” என்றாள். எனக்கே கண் கலங்கியது. நொத்தாரிசு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கேட்டதை மறந்துவிட்டவர் மாதிரி எழுதத் தொடங்கினார். நானும் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையை இப்போது என்ன செய்வது?

எங்கள் ஊரில் நூற்றுக்குத் தொண்ணூறு தாய்மார் இப்படித்தான் எழுதிக் கொடுக்கிறார்கள். சீவிய உரித்தைக் கேட்டு வாங்குகிறவரைப் பார்த்தால், பெற்ற பிள்ளையையே நம்பாதவள் என்று பேசுவோம். நானும் பேசியிருக்கிறேன்.

பின் அறைக்கு வந்த பிறகு ராத்தாவுக்குப் பஸ் பைத்தியம் பிடித்துவிட்டது. வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை. கிழமைக்கு ஒருமுறையாவது கல்முனையிலிருந்து வரும் ஓட்டமாவடி பஸ்ஸில் ஏறித் தங்கை வீட்டுக்குப் போய்விடுவார். வாவிப் பக்கத்து யன்னல்தான் வேண்டும். கல்லடிப் பாலம் வந்ததும் ஹபாயாவை இழுத்துவிட்டுக்கொண்டு நேரே நிமிர்ந்து உட்காருவார். தண்ணீரைப் பார்ப்பார், தோணியைப் பார்ப்பார், பாலம் முடிந்ததும்தான் மூச்சு விடுவார். பஸ்ஸில் அவருக்கு ஒரேயொரு தொல்லைதான் இருந்தது, அது சில்லறை. மிச்சம் கேட்டால் கொண்டக்டர்மார் காது கேளாதவர்கள் ஆகிவிடுவார்கள். கேட்கவும் அவருக்குக் கூச்சம்.

போன வருஷம் எங்கள் வீதியில் ஓடும் பஸ் முதலாளிமார் சேர்ந்து பஸ் கார்ட் கொண்டுவந்தார்கள். ஏறும்போது மெசினில் காட்டினால் ‘கீச்’. இறங்கும்போது காட்டினால் இன்னொரு ‘கீச்’. போன தூரத்துக்குக் காசை அதுவே வெட்டிக்கொள்ளும். கார்டை அடிப்பது என்றுதான் நாங்கள் சொல்வோம். இறங்கும்போது அடிக்க மறந்தால் கடைசித் தரிப்பிடம் வரைக்கும் வெட்டிவிடும். முதல் கிழமை கொண்டக்டர் ஸியாம் இதைக் கத்திக் கத்தியே தொண்டை கட்டிப்போனான்.

ஸஹ்ரா தாய்க்கு ஒரு கார்ட் எடுத்துக் கொடுத்தாள். படிவத்தை அவளே நிரப்பினாள், காசையும் அவளே போனில் போட்டுவிடுவாள். ராத்தாவின் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! பச்சை றிப்பன் ஒன்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கச்சேரிக்குப் போகிற அரசாங்க உத்தியோகத்தர் மாதிரி என் வீட்டுக்கு வந்து நின்றார்.

“என்ட மகள் தந்த. இனி நான் ஒரு கொண்டக்டருக்கிட்டயும் வாய் பாக்கத் தேவல்ல,” என்றார்.

அன்றிலிருந்து கிழமைக்கு ஒரு பயணம் இரண்டானது. ஸஹ்ராவே தள்ளிவிடுவாள். “போய்த்து வாங்க உம்மா, வீட்டுக்குள்ள கிடந்து என்ன செய்யப் போறீங்க,” என்பாள். பஸ்ஸில் ராத்தா தன்பாட்டில் ஓர் உத்தியோகத்தை ஏற்றுக்கொண்டார். இறங்குகிறவர்களைப் பார்த்து, “மகன், அடிச்சியா? இறங்கக்குள்ளயும் அடிக்கோணும்,” என்று ஞாபகப்படுத்துவார். ஸியாம் அவரை இன்ஸ்பெக்டர் உம்மா என்று கூப்பிடத் தொடங்கினான். அவருக்கு அந்தப் பட்டத்தில் உள்ளுக்குள் பெருமைதான்.

இன்னொரு பெருமையும் இருந்தது. அதை என்னிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை.

“நான் எத்தின மணிக்கு வந்தாலும் சரி நிஸ்றா, கேற்றத் தொறக்கக்குள்ள தேத்தண்ணி ஊத்தி மேசையில இரிக்கி. ஆவி பறக்குது. எப்பிடித்தான் கண்டுபிடிக்கிறாளோ! தாய்ட நெஞ்சு புள்ளக்கித் தெரியும்தானே.”

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஏழு வயதிலிருந்து இருபத்தொன்று வரைக்கும் தாயில்லாமல் வளர்ந்த பிள்ளை. இப்போதாவது தாயைக் கொஞ்சட்டும் என்று நினைத்தேன். என் வீட்டில் எனக்கு அப்படித் தேத்தண்ணி ஊற்றி வைக்க யாருமில்லை என்று பொறாமையும் பட்டேன்.

அது ஒரு புதன்கிழமை. தைத்த சட்டைகளைக் கொடுப்பதற்காக நான் ஓட்டமாவடிக்குப் போக நின்றேன். காலை ஒன்பதரைக்குப் பஸ் தரிப்பிடத்தில் ராத்தாவும் நின்றார். கையில் தங்கைக்கு ஒரு பொதி, கழுத்தில் கார்ட். ஆனால் ஒரு காலை ஊன்ற முடியாமல் மதிலில் சாய்ந்துகொண்டிருந்தார். முழங்கால் வீங்கியிருந்தது.

“ஏலாது புள்ள. இண்டைக்கு இந்த முட்டியோட பஸ்ஸில ஏற ஏலா. நான் டொக்டருக்கிட்டக் காட்டிப்போட்டு வீட்ட கிறுகிப் போறன். நீ போறதானே, இந்தப் பொதிய அம்னாக்கிட்டக் குடு.” பொதியைத் தந்தவர் கழுத்திலிருந்த கார்டையும் கழற்றினார். “இந்தா, இதையும் கொண்டு போ. என்ட வேலக்கிப் போறாய், உன்ட காச ஏன் செலவழிக்கிற? மகள் போட்ட காசு சும்மாதானே கிடக்கு.”

வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. குடை கொடுப்பது மாதிரி என் கழுத்தில் மாட்டிவிட்டார். பஸ்ஸில் ஏறி அடித்தேன், கீச். யன்னலுக்கு வெளியே நின்று, “இறங்கக்குள்ளயும் அடி!” என்று சத்தம் போட்டுவிட்டுத்தான் ராத்தா நொண்டி நொண்டிப் போனார்.

பதினொரு மணிக்கு ஓட்டமாவடியில் இறங்கினேன். மறக்காமல் அடித்தேன். பொதியைக் கொடுத்தேன், சட்டைகளைக் கொடுத்தேன், பின்னேரம் திரும்பும்போதும் இரண்டு தரம் அடித்தேன். நாலு பத்துக்குக் காத்தான்குடியில் இறங்கி வீட்டுக்கு வந்து கேற்றைத் திறந்தால், ராத்தா எங்கள் கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்திருக்கிறார். செருப்பு ஒரு பக்கம், மருந்துப் பை ஒரு பக்கம்.

“என்ன ராத்தா, இஞ்ச வந்து இரிக்கீங்க? உங்கட கார்டுக்கு நல்ல வேல குடுத்தன்,” என்று சிரித்துக்கொண்டே நீட்டினேன்.

அவர் அதை வாங்கவில்லை. “ஓட்டமாவடியில நீ எத்தின மணிக்கு இறங்கின?” என்று கேட்டார்.

“பதினொண்டு இரிக்கும்.”

“அடிச்சியா?”

“அடிச்சன். நீங்கதானே மறக்க வேணாம் எண்டு கத்தின.”

“ஓம்,” என்றார். “சரியா அந்த நேரம்தான் நான் கேற்றடியில நிண்ட.”

பிறகு சொன்னார். டொக்டரிடம் காட்டிவிட்டு மெதுவாக நடந்து வீட்டுக்குப் போயிருக்கிறார். வாசலில் தெரியாத வான் ஒன்று நின்றது. கேற் பாதி திறந்திருந்தது. உள்ளே முற்றத்தில் இரண்டு பேர் நாடா பிடித்து நிலம் அளக்கிறார்கள், றிப்ஷான் ஒரு முனையைப் பிடித்துக் கொடுக்கிறான். வீட்டின் பக்கத்தால் தெரியும் பின் அறைக் கதவு விரியத் திறந்து கிடக்கிறது. முகம் தெரியாத ஒரு பெண் உள்ளே நின்று அவருடைய அலுமாரியைத் திறந்து பார்க்கிறாள். “இத இடிச்சா வானுக்குக் கராஜ் போடலாம்,” என்று முற்றத்தில் நின்ற புருஷனுக்குக் கேட்கக் கத்திச் சொல்கிறாள்.

அந்தப் புருஷன்காரன் கொஞ்சம் மனிதத்தன்மை உள்ளவன் போலிருக்கிறது. “உங்கட உம்மா இரிக்கிற அறையெல்லோ? அவங்களுக்கு இது தெரியுமா?” என்று கேட்டிருக்கிறான்.

“தெரியும்,” என்றாளாம் ஸஹ்ரா. “உம்மா அம்னா சாச்சியோட போய் இரிக்கப் போறாங்க. அவங்கட விருப்பம் அதான். அதுக்குத்தானே கிழமைக்கி ரெண்டு தரம் போறாங்க.” அப்போது அவளுடைய கையிலிருந்த போன் ‘டிங்’ என்றது. அதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள், “நீங்க ஆறுதலா அளங்க. உம்மா இப்பதான் ஓட்டமாவடியில இறங்கியிரிக்காங்க. பின்னேரம்தான் வருவாங்க.”

கேற்றுக்கு வெளியே நின்ற தாய் தன் கழுத்தைத் தடவிப் பார்த்தார். கார்ட் இல்லை. அது ஓட்டமாவடியில் இறங்கியிருந்தது.

படிவத்தில் ஸஹ்ரா தன் போன் இலக்கத்தைப் போட்டிருக்கிறாள். ஏறினாலும் இறங்கினாலும் எந்த இடம், எத்தனை மணி என்று அவளுக்கு மெசேஜ் போகும். சின்னப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று வைத்த வசதி அது. கார்ட் மேலோ மெசின் மேலோ எனக்கு ஒரு கோபமும் கிடையாது. பதினாலு வருஷம் பூட்டிய வீட்டுக்குள் கிடந்து வந்தவருக்குத் திறப்பைக் கொடுப்பது மாதிரிக் கொடுத்து, அதையே பூட்டாக்கியவள் மேல்தான் கோபம். தாய் பாலத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து தண்ணீர் பார்த்துக்கொண்டிருந்த ஒவ்வொரு நாளும், இங்கே யாரோ வந்து அறையை எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

“அப்ப அந்தத் தேத்தண்ணி…” என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. வாயில் வந்துவிட்டது.

ராத்தா தலையை ஆட்டினார். அறையைப் பற்றிச் சொன்னபோது அழாதவர், அலுமாரியைப் பற்றிச் சொன்னபோது அழாதவர், தேத்தண்ணி என்றதும் உடைந்துபோனார். முக்காட்டுத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் எழும்பினேன். “வாங்க போவம். நான் சாட்சி வெச்சவள். நொத்தாரிசுக்கு முன்னால அவ சொன்ன சொல்ல நான் கேட்டவள். கேப்பம்!” என்றேன்.

“என்னத்தக் கேக்கிற? உறுதி அவட பேர்ல. அந்த மனிசன் கேட்டாரு, நான்தான் வெக்கமா இரிக்கி எண்டு சொன்ன.” என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். “நான் ஊடுதான் கட்டின, புள்ள. அவள வளக்க எனக்கு நேரம் கிடைக்கல்ல.”

ஐந்தரைக்குத்தான் அவர் வீட்டுக்குப் போனார். மேசையில் தேத்தண்ணி இருந்தது. ஆறி, ஆடை படிந்து கிடந்தது. ஸஹ்ரா அறைக்குள்ளிருந்து வந்து, “என்ன உம்மா இவ்வளவு நேரம்? நாலு பத்துக்கே இறங்கின நீங்க எங்க போன?” என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் தான் என்ன கேட்டுவிட்டோம் என்று அவளுக்கு உறைத்திருக்கிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ராத்தா அந்த ஆறிய தேத்தண்ணியைக் கொண்டுபோய் வாழையடியில் ஊற்றினார். இதை அவர் மறுநாள் சொன்னார்.

இரண்டு கிழமை கழித்துத்தான் ஸஹ்ரா வாய் திறந்தாள். றிப்ஷான் கொழும்பில் கடை போடப் போகிறாராம், அங்கே வாடகை வீடு சின்னதாம். “உங்களுக்கும் சாச்சிட ஊடுதானே விருப்பம், உம்மா,” என்றாளாம். ராத்தா “ஓம் மகள்,” என்றார். அவ்வளவுதான்! அன்று எனக்கு ராத்தா மேலும் கோபம் வந்தது. அம்னாவின் வீடும் இப்போது அம்னாவின் மகளுடைய வீடு. அங்கேயும் ஒரு பின் அறைதான் உண்டு, அதில் அம்னா இருக்கிறாள். இது ஸஹ்ராவுக்குத் தெரியாதா? அந்த வீட்டில் வளர்ந்தவள்தானே!

போன மாதம் முதலாம் திகதி வீடு கைமாறியது. காலையில் லொறியில் சாமான் ஏற்றினார்கள். ஸஹ்ரா தாயைப் பஸ் தரிப்பிடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், கட்டிப் பிடித்து அழுது, ஒரு சூட்கேஸோடும் ஒரு பையோடும் ஏற்றிவிட்டாள். “இறங்கக்குள்ள அடிங்க உம்மா, மறந்துடாதீங்க. மெசேஜ் வந்தா எனக்கு மனசுக்கு ஆறுதலா இரிக்கும்,” என்று சொன்னாளாம். இனி மறைக்க என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பாள்.

அந்தப் பஸ்ஸில் ஸியாம்தான் கொண்டக்டர். பிறகு நடந்ததை அவன் எனக்குச் சொன்னான். ராத்தா ஏறும்போது வழக்கம் போல அடித்தார். கல்லடிப் பாலத்துக்கு இந்தப் பக்கத் தரிப்பிடத்தில், “மகன், நிப்பாட்டு,” என்றார். சூட்கேஸை அவன் இறக்கிக் கொடுத்தான். கார்ட் கழுத்தில் தொங்குகிறது, மெசின் முகத்துக்கு நேரே இருக்கிறது, ராத்தா அதைப் பார்க்காமல் படியில் இறங்கிவிட்டார்.

“இன்ஸ்பெக்டர் உம்மா, அடிக்கல்ல! ஓட்டமாவடி வரைக்கும் வெட்டும்!” என்று ஸியாம் கத்தியிருக்கிறான்.

“வெட்டட்டும் மகன்,” என்றாராம்.

அங்கிருந்து ஆட்டோ பிடித்து நேரே என் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். “உன்ட தையல் அறையில ஒரு பாய் போட இடம் கிடக்குமா, நிஸ்றா?” என்று கேட்டார். நான் அழுதுகொண்டே சூட்கேஸைத் தூக்கினேன். மெசினைச் சுவரோரம் தள்ளினால் இரண்டு பாய் போட இடம் உண்டு. கார்டைக் கழற்றி என் ஊசிப் பெட்டிக்குள் போட்டுவிட்டார். இன்றைக்கும் அதற்குள்தான் கிடக்கிறது. இனி எங்கே போனாலும் சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டுதான் போவாராம்.

அன்று பின்னேரம் நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. ஸஹ்ரா. லொறியின் இரைச்சல் கேட்டது. இரைச்சலுக்கு மேலால் அவள் அழுதுகொண்டே கத்தினாள்.

“நிஸ்றா ராத்தா, உம்மா ஏறின மெசேஜ் காலையில வந்த. இறங்கின மெசேஜ் இன்னும் வரல்ல. சாச்சிக்கிட்டயும் போய்ச் சேரல்லயாம். மணி அஞ்சாகுது. உங்களுக்கு ஏதும் தெரியுமா?”

குரலில் பயம் இருந்தது. நடிப்பு இல்லை, உண்மையான பயம். அதைக் கேட்டு எனக்கு ஒரு கணம் இரங்கியது. போனைப் பொத்திக்கொண்டு ராத்தாவைப் பார்த்தேன். இரைச்சலோடு வந்த குரல் அவருக்கும் நன்றாகக் கேட்டிருக்கிறது.

“அழுகிறா, ராத்தா. என்ன சொல்ல?”

அவர் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து ஒரு வாய் குடித்தார்.

“உம்மா இன்னும் பஸ்ஸிலதான் இரிக்கா எண்டு சொல்லு,” என்றார்.

நான் அப்படியே சொன்னேன்.